எக்ஸ்சி பைக்குக்கு லேசான கார்பன் ரிம்: வாங்குறதுல இருந்து காத்தடிக்கிற வரைக்கும்

மலைப்பாதையில ஓட்டுற எக்ஸ்சி, அதாவது க்ராஸ் கன்ட்ரி சைக்கிளுக்கு கார்பன் ரிம் (சக்கரத்தோட வெளி வளையம்) வாங்கலாம்னு நினைக்கிற எல்லாரும் முதல்ல பாக்குறது ஒரே ஒரு நம்பரைத்தான், எத்தனை கிராம்னு. 330 கிராம் ரிம் ஒண்ணு கண்ணுல பட்டா அதுவரைக்கும் நல்லா இருந்த 360 கிராம் ரிம் திடீர்னு கனமா தெரியும், அப்புறம் எங்கயோ 290 கிராம்ல ஒண்ணு இருக்குன்னு தெரியவரும், அதோட தூக்கம் போச்சு. நான் சொல்றது என்னன்னா, அந்த நம்பரை வரிசையில கடைசியா வைங்க. அகலம், விளிம்பு, ஸ்போக் கம்பிக்கான ஓட்டை எண்ணிக்கை, எடை வரம்பு, வாரன்டி எல்லாம் பாத்து வடிகட்டினா மிச்சம் ரெண்டு மூணு ரிம் தான் நிக்கும், அதுல லேசானது எதுவோ அதை எடுத்துக்கலாம். முதல் தடவை வாங்குறவங்களுக்காக எழுதுறேன், வீல் கட்டிப் பழகினவங்க பாதிக்கு மேல தாண்டிப் போயிடலாம்.

முதல் வேலை: கணக்கு போட்டுப் பாருங்க

நல்ல 29 இன்ச் எக்ஸ்சி அலுமினிய ரிம் 400ல இருந்து 480 கிராம் வரைக்கும் இருக்கும். அதே அளவுல கார்பன் 300ல இருந்து 400க்குள்ள வரும். ஆக ஒரு ஜோடி மாத்தினா சுமார் 200, 250 கிராம் குறையும். நீங்களும் பைக்கும் சேர்ந்து 80 கிலோன்னு வைங்க, 240 கிராம்ங்கறது அதுல 0.3 சதவீதம். செங்குத்தான ஏத்தத்துல ஒரு மணி நேரம் அதே பலத்தோட மிதிச்சா ஏறக்குறைய 11 செகண்ட் மிச்சம், அவ்வளவுதான். ரேஸ்ல அது ஒரு இடம் முன்ன பின்ன ஆக்கும், ஞாயித்துக்கிழமை ரைடுல யாருக்கும் தெரியாது.

சுத்துற எடை ரெண்டு மடங்குன்னு ஒரு பேச்சு இருக்கே, அது பாதி உண்மை. வேகம் எடுக்கும்போது ரிம்ல இருக்கற 100 கிராம் கிட்டத்தட்ட 200 கிராம் மாதிரி வேலை வாங்கும், ஏன்னா அதை முன்னாடி தள்ளவும் செய்யணும் சுத்தவும் வைக்கணும். ஒரே வேகத்துல ஏத்தம் ஏறும்போது 100 கிராம் வெறும் 100 கிராம் தான். எக்ஸ்சில வளைவுக்கு வளைவு ப்ரேக் போட்டு மறுபடி மிதிக்கிறதால அந்த முதல் கணக்கு அடிக்கடி வருது, அதனாலதான் லேசான வீல் போட்ட உடனே பைக் துறுதுறுன்னு இருக்கற மாதிரி தோணுது.

அப்ப எதுக்குத்தான் கார்பன்னு கேட்டா, எடையை விட எனக்குப் பிடிச்சது வேற. அலுமினிய ரிம் கல்லுல அடிச்சா விளிம்பு நசுங்கும், கோட்டம் விழும், கோட்டம் எடுத்து எடுத்து ஒரு கட்டத்துல ஸ்போக் எல்லாம் ஏறுக்கு மாறா இறுகி நிக்கும். கார்பன் ரிம் அப்படி வளையாது, ஒண்ணு நேரா இருக்கும், இல்ல உடையும். நல்லா கட்டின கார்பன் வீல் ரொம்ப நாளைக்கு கோட்டமே கேக்காம ஓடும், வேகமா வளைவுல சாய்ச்சா போற இடத்துக்கு நேரா போகும்.

ஒரு விஷயம், நீங்க இன்னும் உள்ள டியூப் போட்டு ஓட்டுறீங்கன்னா ரிம்மை இப்ப விட்ருங்க. சாதாரண 29 இன்ச் டியூப் 200 கிராம் கிட்ட வரும், அதைத் தூக்கிட்டு டியூப்லெஸ் ஆக்கி 90 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஊத்தினா ஒரு வீலுக்கு 100 கிராம் போயிடும், அதுவும் ரிம்முக்கும் வெளிய, டயர்ல இருந்து. செலவும் கம்மி தான். டயரையும் பாருங்க, ஒரே கம்பெனியோட ஒரே டயர்ல மெல்லிய கேசிங்குக்கும் (டயரோட உடம்புத் துணி) தடிச்ச கேசிங்குக்கும் 100, 150 கிராம் வித்தியாசம் வரும். இதெல்லாம் முடிஞ்சிருந்தா மேற்கொண்டு படிங்க.

ரெண்டாவது: உங்க பைக்ல என்ன உக்காரும்னு எழுதி வைங்க

இது சலிப்பான வேலை, ஆனா இதுலதான் தப்பான பார்சல் வரும். வீல் சைஸ் 29 இன்ச்னா ரிம்ல டயர் உக்கார்ற விட்டம் 622 மி.மீ., 27.5ன்னா 584. ஹப் (சக்கரத்தோட நடு உருளை) பூஸ்ட்ங்கற அகலமான வகையா இல்லையான்னு பாருங்க, பூஸ்ட்னா முன்னாடி 110 மி.மீ. அகலம் 15 மி.மீ. அச்சு, பின்னாடி 148க்கு 12. பழைய பைக்னா 100ம் 142ம் இருக்கும். பின் ஹப்ல கேசட் (பின் கியர் பல்சக்கரத் தொகுப்பு) ஏறுற பாகம் ஷிமானோ 12 ஸ்பீடுன்னா மைக்ரோ ஸ்ப்ளைன், ஸ்ராம்ல 10 பல்லுல ஆரம்பிக்கிற கேசட்டுன்னா எக்ஸ்டி, 11 பல்லுல ஆரம்பிக்கிற பழைய கேசட்டுன்னா பெரும்பாலும் ஹெச்ஜி. ப்ரேக் டிஸ்க் ஆறு போல்ட்டா, நடுவுல ஒரே வளையத்தால பூட்டுற சென்டர்லாக்கான்னும் குறிச்சுக்கோங்க. கேனன்டேல்ல ஒத்தைக்கால் லெஃப்டி ஃபோர்க் வச்சிருக்கறவங்களுக்கு முன் ஹப்பே தனி, அந்தக் கம்பெனியோட சில ஃப்ரேம்ல பின் ரிம் ஹப்புக்கு நடுவுல உக்காராம 6 மி.மீ. தள்ளி உக்காரும், அது தெரியாம வழக்கமா கட்டின வீலை மாட்டினா டயர் ஒரு பக்கமா உரசும்.

மூணாவது: ரிம்மைத் தேர்ந்தெடுக்கறது

உள் அகலம் தான் முதல்ல. ரிம்மோட ரெண்டு விளிம்புச் சுவருக்கும் நடுவுல, உள்பக்கமா இருக்கற இடைவெளி இது, வெளி அகலத்தைப் பாத்து ஏமாறாதீங்க. 2.1, 2.25 டயர் போடுறவங்களுக்கு 25 மி.மீ. போதும், இப்ப எக்ஸ்சில ஓடுற 2.35, 2.4 டயருக்கு 28ல இருந்து 30 தான் பொருத்தம். அகலம் கம்மியா இருந்தா டயர் பல்பு மாதிரி உப்பி வளைவுல அசையும், ரொம்ப அகலமா இருந்தா டயர் தட்டையாகி ஓரக் கட்டைங்க தரையைத் தொட ஆரம்பிச்சிடும், பக்கச் சுவரும் கல்லுக்கு நேரா நிக்கும்.

அடுத்தது விளிம்பு. இப்ப வர்ற மவுன்டன் பைக் கார்பன் ரிம் பெரும்பாலும் ஹூக் இல்லாதது தான், அதாவது உள்பக்கம் கொக்கி மாதிரி மடிப்பு இருக்காது, சுவர் நேரா ஏறும். செய்யறதும் சுலபம், கல்லடி வாங்குறதுக்கும் இதுதான் உறுதி. விளிம்போட தடிமன் எவ்வளவுன்னு கண்டிப்பா கேளுங்க. 2 மி.மீ. கிட்ட மெல்லிசா இருக்கறதும் உண்டு, 4 மி.மீ. தாண்டி தட்டையா இருக்கறதும் உண்டு. தடிச்ச விளிம்புக்கு 15, 20 கிராம் கூட ஆகும், ஆனா டயர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல மாட்டும்போது கத்தி மாதிரி வெட்டாது, அடியும் பரவலா இறங்கும். 300 கிராமுக்குக் கீழ போற ரிம் எல்லாம் எங்கயோ ஒரு இடத்துல கார்பனைக் குறைச்சுத்தான் போகுது, அது விளிம்பா ஸ்போக் ஓட்டை பக்கமான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறது நம்ம வேலை.

எடை வரம்பு. இதை நிறைய பேர் பாக்கறதே இல்ல. சில கம்பெனி ஓட்டுறவர் எடையை மட்டும் சொல்லும், சில கம்பெனி பைக், பை, தண்ணி எல்லாம் சேத்த மொத்த எடையைச் சொல்லும், ரெண்டுக்கும் 12, 15 கிலோ வித்தியாசம் வந்துடும். கூடவே ஏஎஸ்டிஎம் (தர நிர்ணய அமைப்பு) வகை 3னு ஒரு குறி இருக்கும், கரடுமுரடான பாதையும் 61 செ.மீ.க்குள்ள குதிக்கறதும் வரைக்கும் தான் இதுக்கு உத்தரவாதம்னு அர்த்தம். எக்ஸ்சி ரிம்மைப் போட்டுக்கிட்டு பைக் பார்க்ல பறந்தா வாரன்டிகாரன் சிரிப்பான்.

ஓட்டை எண்ணிக்கை 28 வழக்கமா சரியா இருக்கும். 24 ரொம்ப லேசானவங்களுக்கும் ரேஸுக்கும், 85, 90 கிலோவுக்கு மேல இருக்கறவங்க 32 கிடைச்சா எடுங்க, நாலு ஸ்போக் கூடினா ஒரு வீலுக்கு 20, 25 கிராம் தான். ஓட்டை நடுவுல இல்லாம 2, 3 மி.மீ. ஒரு பக்கம் தள்ளி இருந்தா அது தப்பு இல்ல, வேணும்னே செய்யறது. பின் வீல்ல கேசட் பக்கம் ஸ்போக் செங்குத்தா இறுகி நிக்கும், எதிர்ப்பக்கம் தொளதொளன்னு இருக்கும், ஓட்டையைத் தள்ளி வச்சா ரெண்டு பக்க இறுக்கமும் கிட்ட கிட்ட வரும்.

அப்புறம் டி700, டி800ன்னு விளம்பரத்துல எழுதியிருக்கே, அது டோரே கம்பெனியோட கார்பன் நார் பேரு. டி700 4,900 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்கும், டி800 5,880 கிட்ட. நம்பர் பெரிசா இருக்குன்னு அதுதான் நல்ல ரிம்னு சொல்லிட முடியாது. எந்த நாரை எந்தக் கோணத்துல எத்தனை அடுக்கு வச்சாங்க, பிசின் நல்லா இறங்கிச்சா, உள்ள காத்துக்குமிழி இல்லாம அழுத்தம் கொடுத்தாங்களான்னு தான் ரிம்மோட ஆயுசு நிக்குது. இது பேப்பர்ல தெரியாது, அதனால வால்வ் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பிசின் கட்டி கட்டியா நின்னா, சுவர் சுருங்கி மடிஞ்சிருந்தா திருப்பி அனுப்பிடுங்க. மேல பின்னல் மாதிரி தெரியற 3கே டிசைன் அழகுக்கு மட்டும் தான், வெறும் யூடி (நார் எல்லாம் ஒரே திசையில போற) அடுக்கோட பெயின்ட் இல்லாம வர்றது கொஞ்சம் லேசா இருக்கும்.

எங்க செஞ்சதுன்னு பெரிசா அலட்டிக்காதீங்க. என்வி அமெரிக்காவுல ஆக்டன்ல செய்யுது, வீ ஆர் ஒன் கனடாவுல காம்லூப்ஸ்ல செய்யுது, லைட் பைசிக்கிள் மாதிரி சீனாவுல சியாமென்ல இருந்து நேரா விக்கிறவங்களும் இருக்காங்க. நான் பாக்குறது உடைஞ்சா என்ன பண்ணுவாங்கங்கறதைத்தான். தயாரிப்புக் குறைக்கு மட்டும் வாரன்டியா, இல்ல ஓட்டும்போது கல்லுல அடிச்சு உடைஞ்சாலும் மாத்தித் தருவாங்களான்னு ரெண்டையும் தனித்தனியா படிங்க. ரெண்டாவது இல்லாத 300 கிராம் ரிம்மை விட ரெண்டாவது இருக்கற 370 கிராம் ரிம் எனக்கு எப்பவும் மேல.

நாலாவது: ஸ்போக், நிப்பிள்

இங்க கஞ்சத்தனம் வேண்டாம். சாபிம் சிஎக்ஸ் ரே, டிடி ஏரோலைட் மாதிரி நடுவுல இளைச்சு தட்டையா இருக்கற ஸ்போக் எடுத்தா ஒண்ணு 4.5, 5 கிராமுக்குள்ள முடியும், 56 ஸ்போக்குக்கு 265 கிராம் சுமார். நிப்பிள்ல (ஸ்போக்கை ரிம்மோட இறுக்குற சின்ன நட்டு) அலுமினியம் போட்டா மொத்தமா 20 கிராமுக்குள்ள, பித்தளைன்னா 55 கிராம் கிட்ட. அந்த 35 கிராமுக்கு ஆசைப்பட வேண்டாம்னு தான் சொல்வேன், கார்பனும் அலுமினியமும் ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா அலுமினியம் அரிக்கும், ஸ்போக் ஓட்டைகளை மூட ரிம்முக்கு உள்ள ஒட்டுற டேப் கசிஞ்சு சீலன்ட் உள்ள போனா இன்னும் சீக்கிரம், அப்புறம் ஒரு நாள் சும்மா நிக்கும்போதே நிப்பிள் தலை டப்புன்னு தெறிக்கும். ரிம்முக்கு உள்ள ஒளிஞ்சிருக்கற நிப்பிளும் முதல் வீலுக்கு வேண்டாம், சின்னக் கோட்டத்துக்குக் கூட டயரையும் டேப்பையும் பிரிக்கணும்.

இப்ப மொத்தத்தைக் கூட்டிப் பாருங்க. 330 கிராம் ரிம் ரெண்டு 660, ஹப் ஜோடி 330, ஸ்போக் 265, பித்தளை நிப்பிள் 55. சுமார் 1,310 கிராம். இது நல்ல, நம்பி ஓட்டக்கூடிய எக்ஸ்சி வீல். இதை 1,200க்குக் கொண்டுவரலாம், ஆனா குறையற ஒவ்வொரு கிராமும் பர்ஸையும் நிம்மதியையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போகும்.

அஞ்சாவது: ஈஆர்டி அளக்கறது

ஸ்போக் நீளம் தெரியணும்னா ரிம்மோட ஈஆர்டி தெரியணும், அதாவது ஸ்போக் முனைங்க நிக்கிற வட்டத்தோட விட்டம். கம்பெனி சொல்ற நம்பரை நம்பி ஆர்டர் போடாதீங்க, ரிம் கைக்கு வந்ததும் அளங்க. பழைய ஸ்போக் ரெண்டு எடுத்து வளைஞ்ச தலையை வெட்டிட்டு ரெண்டையும் சரியா 250 மி.மீ. ஆக்கிக்கோங்க. நீங்க போடப்போற அதே நிப்பிளை மாட்டி, ஸ்போக் முனை நிப்பிளோட வெட்டுப் பள்ளத்து அடி வரைக்கும் வர்ற மாதிரி திருகி, ஒரு சொட்டு பசை வச்சு அசையாம பண்ணுங்க. ஒண்ணை ஒரு ஓட்டையிலயும் இன்னொண்ணை நேர் எதிர்லயும் விடுங்க, 28 ஓட்டைன்னா 14 ஓட்டை தள்ளி. ரெண்டையும் நடுவுக்கு இழுத்துப் பிடிச்சு முனைக்கும் முனைக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை அளந்து 500ஐக் கூட்டினா அதுதான் ஈஆர்டி. 29 இன்ச் எக்ஸ்சி ரிம்முக்கு சாதாரணமா 600க்குக் கொஞ்சம் கீழ வரும். நிப்பிளுக்கு அடியில வாஷர் போடுறதா இருந்தா அதோடவே அளங்க. நாலஞ்சு இடத்துல அளந்து சராசரி எடுங்க, இடத்துக்கு இடம் ஒரு மி.மீ.க்கு மேல மாறினா அந்த ரிம் வட்டமாவே இல்லன்னு அர்த்தம். அளந்த நம்பரையும் ஹப் அளவையும் ஏதாவது ஸ்போக் கால்குலேட்டர்ல போட்டா நீளம் வந்துடும்.

ஆறாவது: வீல் கட்டறது, இல்ல கட்டினதைச் சரிபாக்கறது

முதல் கார்பன் வீலை நீங்களே கட்டுறதுல தப்பில்ல, உண்மையைச் சொன்னா அலுமினியத்தை விட சுலபம், ஏன்னா ரிம் ஏற்கனவே நேரா வரும். ரிம்ல ஓட்டை இடம் வலம்னு சாய்ச்சு துளைச்சிருந்தா எந்த ஓட்டை எந்தப் பக்க ஹப்புக்குன்னு முதல்லயே பாத்துக்கோங்க, மாத்திப் போட்டா நிப்பிள் கோணலா நின்னு ஸ்போக் கழுத்துல உடையும். 28 ஓட்டைக்கு மூணு குறுக்குப் பின்னல், அதாவது ஒவ்வொரு ஸ்போக்கும் அதே பக்கத்துல மூணு ஸ்போக்கைக் குறுக்கால தாண்டும். நிப்பிள் உக்கார்ற இடத்துல ஒரு துளி எண்ணெய், மரையில ஸ்போக் ப்ரெப்ங்கற பூச்சோ ஆளிவிதை எண்ணெயோ. தட்டை ஸ்போக் நிப்பிளோட சேந்து முறுக்கிக்கும், அதனால பிடிக்கிற கருவியால ஸ்போக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சாவி போடணும்.

எல்லாத்தையும் ஒரே சீரா கால் சுத்து அரை சுத்துன்னு ஏத்திக்கிட்டே வாங்க. எவ்வளவு இறுக்கணும்ங்கறது ரிம் கம்பெனி சொல்ற வரம்பு தான், பொதுவா இறுக்கமான பக்கத்துல 110, 120 கிலோ கிட்ட நிறுத்துவாங்க. ஸ்போக் இறுக்கத்தை அளக்கற டென்ஷன் மீட்டர் இல்லாம கார்பன் வீல் கட்டாதீங்க. அலுமினியம்னா அதிகமா இறுக்கும்போது ரிம் அலை அலையா நெளிஞ்சு எச்சரிக்கும், கார்பன் அமைதியா இருந்துட்டு ஸ்போக் ஓட்டைப் பக்கம் விரிசல் விடும். ஒரே பக்கத்து ஸ்போக் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு 10 சதவீதத்துக்குள்ள வந்தா ரொம்ப நல்லது. இதுல ஒரு சூட்சுமம் என்னன்னா, கோட்டத்தை எடுக்கறதுக்காக ஒரு ஸ்போக்கை 130க்கும் பக்கத்து ஸ்போக்கை 70க்கும் கொண்டுபோக வேண்டி வந்தா அங்க நிறுத்திடுங்க, கோணல் ரிம்லயே இருக்கு, கார்பனை ஸ்போக்கால இழுத்து நிமித்த முடியாது.

கடையில கட்டி வாங்கினா மேல சொன்னதையே கேள்வியா கேளுங்க, இறுக்க அளவை எழுதித் தரச் சொல்லுங்க. நல்லா கட்டுறவர் சந்தோஷமா தருவார்.

ஏழாவது: டேப், டயர், காத்து

டேப் ரிம் உள் அகலத்தை விட 2ல இருந்து 5 மி.மீ. அகலமா வாங்குங்க. உள்பக்கத்தை ஆல்கஹால் வச்சுத் துடைச்சு காய விட்டு, வால்வ் ஓட்டைக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சு நல்லா இழுத்துப் பிடிச்சு ஒட்டிக்கிட்டே வந்து வால்வைத் தாண்டி ஒரு கை அகலம் மேல ஏத்தி முடிங்க. வால்வ் ஓட்டையைக் கத்தியால கீறாதீங்க, சூடு பண்ணின ஊசியால குத்தினா ஓரம் கிழியாம உருண்டையா வரும். வால்வ் நட்டைக் கையால இறுக்கினா போதும், ப்ளையர் வேண்டாம். டேப் சந்தேகமா இருந்தா ஒரு ராத்திரி டியூப் போட்டு காத்தடிச்சு வச்சுட்டு மறுநாள் எடுங்க, டேப் நல்லா அமுங்கி ஒட்டிக்கும்.

டயர் டியூப்லெஸ் ரெடின்னு போட்டிருக்கணும், ஹூக் இல்லாத ரிம்முக்கு அது கட்டாயம். சோப்புத் தண்ணி தடவி வேகமா காத்தடிச்சா டப் டப்புன்னு ரெண்டு சத்தம் வந்து உக்காரும். வரலைன்னு ரிம்ல எழுதியிருக்கற அதிகபட்ச ப்ரெஷரைத் தாண்டிப் போகாதீங்க, காத்தை இறக்கி, மறுபடி சோப்பு போட்டு அடிங்க. டயர் கழட்ட ப்ளாஸ்டிக் லீவர் மட்டும், இரும்பு லீவர் கார்பன் விளிம்பைச் சிதைச்சிடும்.

ப்ரெஷர் தான் கார்பன் ரிம்மோட உயிர். 70 கிலோ ஆளு, 2.35 டயர், 28 மி.மீ. ரிம்னா முன்னாடி 19, பின்னாடி 22 பிஎஸ்ஐல ஆரம்பிச்சு ஒவ்வொரு பிஎஸ்ஐயா இறக்கிப் பாருங்க, பின் ரிம் கல்லுல டங்குன்னு ஒரு தடவை தட்டினா ரெண்டு ஏத்திட்டு அங்கயே நில்லுங்க. பம்ப்ல இருக்கற மீட்டர் இந்த அளவுல ரெண்டு மூணு பிஎஸ்ஐ பொய் சொல்லும், சின்ன டிஜிட்டல் கேஜ் ஒண்ணு தனியா வாங்கிக்கோங்க. பாறை நிறைய இருக்கற பாதைன்னா பின் டயருக்குள்ள மட்டும் ஒரு நுரை இன்சர்ட் போடலாம், லேசானது 50 கிராம்ல இருந்து இருக்கு. எடை குறைக்கப் போய் எடை சேக்கறதான்னு தோணும், ஆனா 330 கிராம் ரிம்மும் இன்சர்ட்டும் சேந்தாலும் பழைய அலுமினியத்தை விட லேசு தானே.

எட்டாவது: ஓட்ட ஆரம்பிச்ச பிறகு

முதல் ரைடுல ஸ்போக்ல இருந்து டிங் டிங்குன்னு சத்தம் வந்தா அது முறுக்கு விடுபடுறது, வீட்டுக்கு வந்து ஒரு தடவை கோட்டமும் இறுக்கமும் பாத்துட்டா போதும். அடி பலமா விழுந்த அன்னிக்கு வீலைக் கழுவி, ஆல்கஹால்ல துடைச்சு, டார்ச்சை சாய்ச்சு அடிச்சு விளிம்பையும் ஒவ்வொரு ஸ்போக் ஓட்டையைச் சுத்தியும் பாருங்க. கீறல் துடைச்சா மங்கும், விரிசல் துடைச்சாலும் கருப்பு மயிரிழை மாதிரி நிக்கும், நகம் மாட்டும். அப்புறம் ஒரு காசை எடுத்து சுத்தி வர தட்டிக்கிட்டே போங்க, எல்லா இடத்துலயும் கணீர்னு வந்துட்டு ஒரு இடத்துல மட்டும் தொப்புன்னு வந்தா உள்ள அடுக்கு பிரிஞ்சிருக்கு. ஸ்போக் ஓட்டை வழியா சீலன்ட் வெள்ளையா கசிஞ்சா முதல்ல டேப்பைச் சந்தேகப்படுங்க, டேப்பை மாத்தியும் கசிஞ்சா ரிம்மை. விரிசல் விட்ட ரிம்மை ஒட்டி ஓட்டலாம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

கடைசியா கார்ல எடுத்துட்டுப் போறவங்களுக்கு. பின்னாடி மாட்டுற ரேக்ல வச்சா வீல் சைலன்சர் குழாய்க்கு நேரா வராம பாத்துக்கோங்க, அந்தச் சூட்டுல பிசின் இளகி ரிம் நாசமாப் போயிடும், டயரும் சேந்து போகும், இதுக்கு எந்தக் கம்பெனியும் வாரன்டி தராது. வேற வழியே இல்லன்னா பைக்கைத் திருப்பி மாட்டுங்க, இல்ல வீலைக் கழட்டி உள்ள போட்டுக்கோங்க.